மூத்த கிட்டார்காரர் போகிறார்: கதிரை யாருக்கு?

எங்கள் பாண்டில் ரிதம் கிட்டார் (பாட்டின் தாளத்தைப் பிடித்து நிற்கிற கிட்டார்) வாசிக்கிற அண்ணை கனடாவுக்குப் போகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்காபரோவில். இனிக் கொழும்புக்கு வந்தாலும் விடுமுறைக்குத்தான். நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில், பக்கத்து வீட்டார் பொறுக்கும் அளவுக்குச் சத்தம் வைத்து, ஜூடாஸ் ப்ரீஸ்ட், அயர்ன் மெய்டன், டியோ, பிளாக் சபாத் என்று பழைய ஹெவி மெட்டல் பாண்டுகளின் பாட்டுகளை வாசிக்கிற ஒரு கூட்டம். இடைக்கிடை கலியாண வீடுகளில் பைலா என்கிற ஆட்டப் பாட்டுகளும் வாசிப்போம். அந்தக் காசில்தான் அம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) திருத்துகிறோம்.

இப்போது நான்கு யோசனைகள் அடிபடுகின்றன. இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவனை எடுக்கலாம். விரல் பறக்கும், யூடியூபில் படித்தவன். அல்லது ஹோட்டல் பாண்டுகளில் வாசித்தே தலை நரைத்த ஒருவரை எடுக்கலாம், அண்ணையின் வயதுதான். அல்லது ஆளே எடுக்காமல் மிச்சமிருக்கிற ஒற்றைக் கிட்டாரோடு சமாளிக்கலாம். நான்காவதை ட்ரம்ஸ்காரர் சொன்னார்: "காணும், நிப்பாட்டுவம்."

நான் பேஸ் (தாழ்ந்த சுரக் கிட்டார்) வாசிப்பவன். யாருடைய சொலோ (தனித்து வாசிக்கிற பகுதி) நல்லது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் கிட்டார்காரரின் வலது கை பிசகினால் முதலில் அகப்படுவது நான்தான். அதனால் இந்த விசயத்தில் எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இதே நான்கு வழிகளையும், இன்னும் இரண்டொன்றையும், உலகப் பெரிய பாண்டுகள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டன. அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் எங்கள் கணக்கும் கொஞ்சம் தெளியும்.

முதலில் வயது என்கிற வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். "இந்த இசையை வாசிக்க அனுபவம் வேணும் தம்பி" என்று சொல்கிற பெரியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த இசையை உண்டாக்கியதே பெடியன்கள்தான். பிளாக் சபாத்தின் முதல் அல்பம் 1970இல் வந்தபோது டோனி அயோமிக்கு 21 வயது. சபாத்தின் பாடகராக இருந்த ஒஸியோடு முதல் அல்பம் செய்தபோது ரண்டி ரோட்ஸுக்கு 23. டியோவின் 'ஹோலி டைவர்' வெளிவந்த 1983இல் விவியன் கம்பலுக்கு 20. அதே வருடம் மெட்டாலிக்காவில் சேர்ந்த கிர்க் ஹமட்டுக்கும் 20. ஸக் வைல்ட் 1987இல் ஒஸியிடம் போனதும் 20 வயதில்தான். கொழும்பிலும் அப்படித்தான். 1990களின் கடைசியில் இளம் பெடியன்களாக ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் பாண்டைத் தொடங்கியவர்கள் யாரிடமும் வயதுச் சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆக இருபத்திரண்டு வயது பிழையான வயது இல்லை. புதிதாய் ஒன்றை உண்டாக்க அது போதும். பிரச்சினை வேறு. இன்னொருவர் நாற்பது வருடமாய் வாசித்துப் பழகிய பாட்டுக்குள் போய் உட்கார அது போதுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு மிக நல்ல சாட்சி ஜூடாஸ் ப்ரீஸ்ட். கே. கே. டவுனிங், கிளென் டிப்டன் என்ற இரண்டு கிட்டார்களும் மாறி மாறிச் சொலோ வாசிப்பதும், சேர்ந்து இரட்டை மெட்டில் போவதும்தான் அந்தப் பாண்டின் முகம். 2011இல் டவுனிங் விலகினார். இடத்துக்கு வந்தவர் ரிச்சி ஃபோல்க்னர். 1980இல் பிறந்தவர், டிப்டனை விட 32 வயது இளையவர். அந்த வருடம் தொடங்கவிருந்த 'எபிடாஃப்' சுற்றுலாவைத் தங்கள் கடைசி உலகச் சுற்றுலா என்று பாண்ட் ஏற்கெனவே அறிவித்திருந்தது. கடையை மூடப் போகிற நேரத்தில் வேலைக்கு வந்த பெடியன் என்று வையுங்கள். ஆனால் கடை மூடவில்லை. 2014, 2018, 2024 என்று மூன்று அல்பங்கள் வந்துவிட்டன. 2018இல் வந்த 'ஃபயர்பவர்' அமெரிக்க அல்பப் பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. அவர்களுடைய பொற்காலம் என்று நாங்கள் சொல்கிற எண்பதுகளில்கூட அவ்வளவு உயரம் போகவில்லை.

இது எப்படிச் சரிவந்தது? எனக்குத் தெரிவது இரண்டு காரணங்கள். ஒன்று, ஃபோல்க்னர் வந்தபோது டிப்டன் பக்கத்திலேயே நின்றார். ஒரு கை போனது, மற்றக் கை இருந்தது. புதியவர் பழையவரோடு சில வருடங்கள் ஒன்றாக நின்று வாசித்தார். 2018இல் தனக்குப் பார்கின்சன்ஸ் நோய் என்று டிப்டன் அறிவித்து மேடையிலிருந்து விலகியபோது, ஃபோல்க்னர் புது ஆள் இல்லை. இரண்டாவது காரணம், அவரைப் பாட்டு எழுத விட்டார்கள். டவுனிங்கின் சொலோக்களைப் பிரதி எடுக்கிற வேலையை மட்டும் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்தில் அவருக்கும் அலுத்திருக்கும், சனத்துக்கும் அலுத்திருக்கும்.

இளம் ஆளை எடுத்தால் உடம்புப் பிரச்சினை இராது என்று நினைப்பவர்களுக்கும் அவர் கதையில் ஒரு பதில் இருக்கிறது. 2021 செப்டெம்பரில் லூயிவில் மேடையில் 'பெயின்கில்லர்' வாசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இதயப் பெருநாடி கிழிந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். சுமார் 10 மணித்தியாலச் சத்திரசிகிச்சை. அப்போது அவருக்கு வயது 41. அந்தப் பாண்டிலேயே இளையவர் அவர்தான்.

டீப் பர்ப்பிள் 2022இல் ஸ்டீவ் மோர்ஸுக்குப் பதிலாக சைமன் மக்பிரைடை எடுத்ததும் இதே வழி. வட அயர்லாந்துக்காரர், 1979இல் பிறந்தவர். பாடகர் இயன் கிலனுக்கு மகன் வயது. ஆனால் தெருவில் பிடித்துக்கொண்டு வந்த ஆள் இல்லை. கிலனோடும் கீபோர்ட்காரர் டொன் ஏரியோடும் ஏற்கெனவே மேடையேறியவர். முதலில் மோர்ஸுக்குப் பதிலாகத் தற்காலிகமாக நின்றார், பிறகுதான் நிரந்தரமானார். மெகாடெத்தில் கிக்கோ லூரெய்ரோ 2023இல் ஒதுங்கியபோது 1987இல் பிறந்த ஃபின்லாந்துக்காரர் டீமு மன்டிசாரி வந்ததும் அப்படியே: முதலில் பதில் ஆள், பிறகு சொந்த ஆள். ஃபோல்க்னரும் அயர்ன் மெய்டனின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹரிஸின் மகள் லோரன் ஹரிஸின் பாண்டில் வாசித்தவர், அதனால் அந்த வட்டாரத்துக்குப் பழகிய முகம். பெரிய பாண்டுகள் இளம் ஆளை எடுக்கும்போது திறமையை மட்டும் பார்ப்பதில்லை. "இவனோடு ஒரு மாதம் ஒரே பஸ்ஸில் போகலாமா?" என்பதையும் பார்க்கிறார்கள். எங்களிடம் பஸ் இல்லை, ஒரு த்ரீவீலரில் மூன்று பேரும் இரண்டு கிட்டாரும். நெருக்கம் அதைவிடக் கூட.

மெகாடெத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே சொலோ வாசிக்கிற லீட் கிட்டார் இடத்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. கிறிஸ் போலண்ட் போனார், மார்ட்டி ஃப்ரீட்மன் வந்தார், போனார், கிறிஸ் புரோடரிக் வந்தார், போனார். பாண்ட் மெகாடெத்தாகவே இருந்தது. ஏனென்றால் ரிஃப் (பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு) எழுதுகிற, பாட்டைப் பிடித்து நிற்கிற வலது கை பாடகரும் கிட்டார்காரருமான டேவ் மஸ்டேனுடையது. அது மாறவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: சொலோ வாசிக்கிறவரை மாற்றலாம், ரிஃப் பிடிக்கிறவரை மாற்றுவதுதான் கடினம். நாங்கள் எல்லோரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சனம் சொலோவுக்குத்தான் கை தட்டுகிறது, அதனால் அதுதான் பெரிய வேலை போலத் தெரிகிறது.

அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் பேர்மிங்ஹாமில் தகரம் வெட்டுகிற தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் அகப்பட்டு வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், ஆகவே கம்பியை அமுக்குகிற கை அது. பாத்திரம் கழுவுகிற திரவம் வருகிற பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். கம்பி கடித்தது, மெல்லிய கம்பி போட்டார். பிறகு 1971இல் 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி' அல்பத்தில் பல பாட்டுகளுக்குக் கம்பிகளை ஒன்றரைச் சுரம் இறக்கினார். அந்தத் தொய்ந்த, பாரமான சத்தம் அப்படிப் பிறந்தது. இதை வேறொருவர் வாசிக்கலாம். உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். ஆனால் அயோமி இல்லாத சபாத் என்று ஒன்று இருந்ததே இல்லை. பாடகர்கள் மாறினார்கள், ட்ரம்ஸ்காரர்கள் மாறினார்கள், ஒரு காலத்தில் பழைய ஆள் அவர் மட்டும்தான். 2025 ஜூலை 5இல் பேர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசி நிகழ்ச்சிக்கு இளம் ஆட்களும் மூத்தவர்களுமாக எத்தனையோ கிட்டார்காரர்கள் வந்திருந்தார்கள். சபாத்தின் முறை வந்தபோது கிட்டாரோடு நின்றது 77 வயது அயோமி மட்டுந்தான். ஒஸி இருந்து பாடினார், இரண்டு கிழமை கழித்துக் காலமானார்.

ரிஃப் பிடிக்கிறவரை மாற்றியே ஆக வேண்டி வந்தால்? ஏசி/டிசி செய்ததைப் பாருங்கள். (மெட்டல் என்று சொன்னால் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இருந்தாலும்.) மல்கம் யங் நோய்வாய்ப்பட்டு 2014இல் விலகியபோது வந்தவர் ஸ்டீவி யங், மல்கமின் மூத்த அண்ணனின் மகன். எங்கள் முறைப்படி பெறாமகன். ஆனால் வயது வித்தியாசம் நான்கு வருடம்கூட இல்லை. 1988இலேயே மல்கமுக்குப் பதிலாக ஒரு சுற்றுலாவில் நின்ற ஆள். மல்கமின் தம்பி, லீட் கிட்டார்காரர் அங்கஸ் யங்கின் பக்கத்தில் ஒரு இளம் புயலைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. அதே வீட்டுக் கை வேண்டியிருந்தது, எடுத்தார்கள். சத்தம் போடாமல் நடந்த இந்த மாற்றம்தான் என் கணக்கில் மிகக் கெட்டித்தனமானது.

இனி இரண்டாவது வழி, சமவயது ஆள். ஸ்லேயரில் ஜெஃப் ஹன்னெமன் நோயுற்றபோது 2011இல் எக்ஸொடஸ் பாண்டின் கேரி ஹோல்ட் வந்தார். 2013இல் ஹன்னெமன் இறந்தார், ஹோல்ட் தொடர்ந்தார். அதே காலம், அதே கலிபோர்னியா, அதே பள்ளிக்கூடம் மாதிரி. மேடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'ஏஞ்சல் ஒஃப் டெத்', 'ரெய்னிங் பிளட்' மாதிரிப் பாட்டுகளின் இசையை எழுதிய கையை அவர் கொண்டுவரவில்லை. கொண்டுவர முயலவும் இல்லை. 2015 அல்பம் பெரும்பாலும் ஸ்லேயரின் மற்றக் கிட்டார்காரர் கெரி கிங் எழுதியது. சக்ஸனில் போல் குவின் 2023இல் சுற்றுலாக்களிலிருந்து ஒதுங்க, டயமண்ட் ஹெட்டின் பிரயன் டட்லர் வந்ததும் இதே வகை. சமவயது ஆள் என்றால் நாளைக்கே மேடை ஏறலாம், விளக்கம் சொல்லத் தேவையில்லை, பழைய பாட்டெல்லாம் தெரியும். பத்து வருடம் கழித்து இதே கதிரை திரும்பவும் காலியாகும் என்பதுதான் அதன் விலை.

பழையவரைத் திரும்பக் கூப்பிடுவது எங்களுக்கு இல்லாத வசதி, கனடாவிலிருந்து வாராவாரம் யார் வருவது? ஆனாலும் மெய்டன் அதை அழகாகச் செய்தது. 1990இல் ஏட்ரியன் ஸ்மித் போக ஜனிக் கெர்ஸ் வந்தார். 1999இல் ஸ்மித் திரும்பி வந்தபோது கெர்ஸை அனுப்பவில்லை, மூன்று கிட்டாராகத் தொடர்ந்தார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் டவுனிங். டிப்டன் ஒதுங்கியபோது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் பகிரங்கமாகவே குறைபட்டார். பழையவர் போகும்போது எப்படிப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் திரும்பி வரும் கதவு. மொட்லி குரூவில் மிக் மார்ஸின் விலகல் 2023இல் நீதிமன்றம் வரை போனது. எங்கள் அண்ணைக்கு நல்ல ஒரு பிரியாவிடை வைக்க வேண்டும் என்று நான் நிற்பது பாசத்தால் மட்டும் இல்லை.

ஒற்றைக் கிட்டார் யோசனைக்கும் ப்ரீஸ்டே பதில் தந்துவிட்டது. 2022 ஜனவரியில், டிப்டனுக்குப் பதிலாக வாசித்துவந்த அண்டி ஸ்னீப்பை விட்டுவிட்டு நான்கு பேராகப் போகப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். ஒரு கிழமைக்குள் அறிவிப்பைத் திரும்ப எடுத்து ஸ்னீப்பைத் திரும்பச் சேர்த்தார்கள். காரணம் எளிது. சொலோ நடக்கும்போது அடியில் ரிஃப் நின்றுவிட்டால் பாட்டின் பாதி காணாமல் போகும். இரண்டு கிட்டார் சேர்ந்து போகிற மெட்டை ஒருவர் வாசித்தால் யாரோ ஒருவர் வரவில்லை என்று சனத்துக்கு உடனே தெரியும். சபாத், டியோ பாட்டுகளை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுபோகலாம், அவை அப்படித்தான் கட்டப்பட்டவை. ப்ரீஸ்டும் மெய்டனும் முடியாது. அவற்றை விட்டால் எங்கள் பட்டியலில் அரைவாசி போய்விடும். நிப்பாட்டுகிற யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ட்ரம்ஸ்காரர் அதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொல்கிறவர்.

சரி, எங்கள் இரண்டு ஆட்களுக்கு வருவோம்.

பெடியன் மேல்மாடிக்கு வந்து 'பெயின்கில்லர்' சொலோவை வாசித்துக் காட்டினான். ஒரு சுரம் பிசகவில்லை. எங்கள் லீட் கிட்டார்காரர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனார். பிறகு மெய்டன் பாட்டு ஒன்றின் ரிஃப் வாசிக்கச் சொன்னோம், அந்தக் குதிரை ஓட்டத் தாளம்: ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு நீளம், இரண்டு குட்டை. அரை நிமிடம் அருமை. கோரஸுக்குப் போகும்போது ட்ரம்ஸ் மெல்லிசாக முன்னே தள்ளும், எப்போதும் அப்படித்தான், பாட்டுக்கு உயிரே அங்கேதான். அவன் தள்ளவில்லை. அறைக்குள் தனியாகப் பதிவுசெய்த தாளத்தோடு பழகியவன், அவன் தலைக்குள் அந்தத் தாளமே ஓடுகிறது. கண் முழுக்க இடது கையில், ட்ரம்ஸ்காரரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. நான் நடுவில் நின்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தடுமாறினேன். இன்னொன்று, வலது உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிக்கிற சத்தம் அவனிடம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கனமாக இல்லை. வீட்டில் ஹெட்போனோடு வாசிக்கிறவனுக்குக் கனம் தேவைப்படாது.

ஹோட்டல்காரர் நேர் எதிர். ட்ரம்ஸ்காரரின் தோளைப் பார்த்தே எங்கே தள்ளப் போகிறார் என்று பிடித்துக்கொள்கிறார். பைலா வாசித்து வாசித்து மணிக்கட்டு இரும்பு. ஆறெட்டுத் தாளத்தை இரவிரவாக ஓய்வில்லாமல் அடித்த கைக்குக் குதிரை ஓட்டம் ஒரு வேலையே இல்லை. கொழும்புக் கிட்டார்காரரிடம் இருக்கிற இந்தச் சொத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் முப்பது வருடமாக மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டு கதைக்கிற இடங்களில் வாசித்தவர், சத்தத்தைக் குறைக்கிறது ரத்தத்தில் ஊறிவிட்டது. அம்பைக் கூட்டி வைத்தால் இரண்டாவது பாட்டுக்குள் தானே போய்க் குறைத்துவிடுகிறார். ப்ரீஸ்ட் பாட்டுகளை அவருக்குப் பிடிக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, மரியாதைக்குத் தலையாட்டுகிறார். வாரத்தில் மூன்று இரவுகள் அவருக்கு ஹோட்டலில் வேலை, எங்களுக்கு மிஞ்சுவது களைத்த ஆள்.

ஆக, போகிறது ரிஃப் பிடிக்கிற கை. வருகிறவர்களில் பெடியனிடம் அந்தக் கை இன்னும் இல்லை, ஹோட்டல்காரரிடம் இருக்கிறது, மனம் இல்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் சிக்கி நிற்கிறார்கள். ஆனால் காலியான கதிரையிலேயே புதியவரை இருத்த வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் லீட் கிட்டார்காரர் அண்ணையோடு ஒரே அறையில் வருடக்கணக்கில் நின்றவர். அண்ணை வராத நாட்களில் ரிஃப்களைப் பிடித்து நின்றதும் அவர்தான், என் காதுக்குக் குறை தெரிந்ததில்லை. அவர் ரிதமுக்கு நகரட்டும். பெடியன் லீடுக்கு வரட்டும், அங்கே அவன் இப்போதே தயார். மேலே சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் இளம் ஆள் சரிவந்தது பாண்டைப் பிடித்து நிற்க வேறு ஆட்கள் இருந்த இடங்களில்தான்.

என் தெரிவு அது. ஆனால் நிபந்தனையோடு. அண்ணை விமானம் ஏறுகிறவரைக்கும் பெடியன் ஒவ்வொரு பயிற்சிக்கும் வரவேண்டும், மூன்று கிட்டாராக வாசிப்போம், மெய்டன் மாதிரி. அந்த நாட்களில் அவனுக்குச் சொலோ இல்லை, அண்ணையின் ரிஃப்களை அண்ணைக்குப் பக்கத்தில் நின்று, ட்ரம்ஸ்காரரைப் பார்த்து வாசிக்க வேண்டும். முதல் மேடைக்கு அவனைத் தற்காலிக ஆள் என்றுதான் அறிவிப்போம், மக்பிரைடுக்கும் அப்படித்தான் தொடங்கியது. புதுக் கம்பி மட்டும் அவன் காசில். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதை இப்போதே பழகட்டும். ஹோட்டல்காரரின் இலக்கத்தை வைத்திருப்போம், பைலா இரவுகளுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

லீட் கிட்டார்காரரிடம் "இனிச் சொலோ பெடியனுக்கு" என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. முழுவதையும் பிடுங்கத் தேவையில்லை, டிப்டனும் டவுனிங்கும் போலப் பங்கு போடலாம், மெதுவான சொலோக்கள் அவருக்கு, வேகமானவை பெடியனுக்கு என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவரிடம் கொடுக்கிற பொறுப்பை அண்ணையின் தலையில் போடலாம் என்று பார்க்கிறோம். அவர்தான் நாட்டைவிட்டே போகிறாரே.